பாங்காக் சர்டிபிகேட்டா, சிங்கப்பூர் உயிலா? எங்க ரெண்டு பேரோட எக்ஸல் ஷீட்

டிசம்பர்ல லீவு போட்டு பாங்காக் போயி கல்யாணத்த ரிஜிஸ்டர் பண்ணிட்டு வந்துடலாமான்னு அவன் கேட்டப்ப நான் கட்டிப்புடிச்சு அழுதிருக்கணும், படத்துலன்னா அப்படித்தான் காட்டுவாங்க, ஆனா நான் லேப்டாப்ப தொறந்து ஒரு எக்ஸல் ஷீட் ஆரம்பிச்சேன். பதினோரு வருஷமா கூட இருக்கறவன், அதனால கோவிச்சுக்கல, மைலோ கலக்கிட்டு வந்து பக்கத்துல உக்காந்து "எத்தன வரிசை போட்டிருக்க?"ன்னு மட்டும் கேட்டான்.

நாலு வரிசை. ஒண்ணு, இங்க சிங்கப்பூர்லயே இருந்து எல்லாத்தையும் காகிதத்துல கட்டி வைக்கிறது. ரெண்டு, பாங்காக்ல கல்யாணம் பண்ணிட்டு திரும்பி வர்றது. மூணு, ஆபீஸ்ல ஹாங்காங்குக்கு மாத்தல் கேக்குறது. நாலு, என் அத்தை பையன் போன் பண்றப்பல்லாம் சொல்ற சென்னை. எனக்கு 37, இங்கயே பொறந்து என்எஸ், அதான் கட்டாய தேசிய சேவை, முடிச்ச சிட்டிசன். அவனுக்கு 36, மலேசியாவுல ஈப்போக்காரன், இங்க பிஆர், அதாவது நிரந்தரவாசி. ரெண்டு பேரும் தமிழ், ரெண்டு பேரும் ஆம்பள. இதுல சிட்டிசன், பிஆர்ங்கிற விஷயத்த ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி காசு கணக்கு வர்றப்ப அதுதான் உயிர எடுக்கும்.

மொதல்ல கோர்ட் கதை, ஏன்னா "377ஏதான் போயிருச்சே, இன்னும் என்ன?"ன்னு கேக்கறவங்க நம்ம பக்கம் நிறைய, எங்க சித்தப்பா உட்பட. 1938ல வெள்ளைக்காரன் போட்ட சட்டம், ஆம்பளையும் ஆம்பளையும் உறவு வச்சா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். 2014ல மேல்முறையீட்டு நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு விரோதம் இல்லன்னு சொல்லிருச்சு. அப்புறம் 2022 பிப்ரவரி 28ல தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் தலைமையில அதே நீதிமன்றம் குடுத்த தீர்ப்பு இருக்கே, அத நான் மூணு தடவ படிச்சேன், அப்பவும் வழக்கு போட்ட மூணு பேரு ஜெயிச்சாங்களா தோத்தாங்களான்னு கொஞ்ச நேரம் புரியல. பேப்பர்ல பாத்தா தோத்துட்டாங்க, மனு தள்ளுபடி. ஆனா தள்ளுபடி பண்ண காரணமே, இந்தச் சட்டத்த இனிமே யார் மேலயும் போட முடியாது, அப்புறம் எதுக்கு வழக்குங்கறதுதான். அட்டர்னி ஜெனரல் 2018ல, ரெண்டு பெரியவங்க சம்மதத்தோட தனி எடத்துல செய்யறதுக்கு வழக்கு போடறது பொது நலனுக்கு ஏத்ததில்லன்னு சொல்லிருந்தாரு, அத கோர்ட் கெட்டியா புடிச்சுக்கிச்சு.

ஆனாலும் சட்டம் புத்தகத்துல இருந்துச்சு, இன்னொருத்தர் வழக்கு போட்டா கோர்ட்டே அடிச்சுத் தூக்கிடலாம்னு அப்ப சட்ட அமைச்சரா இருந்த சண்முகமும் அட்டர்னி ஜெனரலும் அரசாங்கத்துக்கு சொன்னாங்க. 2022 ஆகஸ்ட் 21 தேசிய தினப் பேரணி பேச்சுல அப்ப பிரதமரா இருந்த லீ சியன் லூங் எடுத்துடுறோம்னாரு, நவம்பர் 29ல நாடாளுமன்றம் எடுத்துச்சு, 2023 ஜனவரி 3ல போயிருச்சு. அன்னிக்கி ராத்திரி நாங்க ரெண்டு பேரும் தேக்காவுல பிரியாணி சாப்ட்டோம், வேற ஒண்ணும் பண்ணல.

ஆனா நவம்பர் 29 அன்னிக்கே இன்னொண்ணும் சேத்தாங்க, அரசியலமைப்புல 156ங்கிற புது பிரிவு. கல்யாணம்னா ஆம்பளைக்கும் பொம்பளைக்கும்தான்னு நாடாளுமன்றம் சட்டம் போட்டா, அத வச்சு நடத்துற கொள்கையும் சேத்து, அடிப்படை உரிமைய காட்டி கோர்ட்ல போயி ஒடைக்க முடியாது. மாத்தணும்னா நாடாளுமன்றம்தான் மாத்தணும், சாதாரணப் பெரும்பான்மை போதும், ஆனா அடுத்து பிரதமரான லாரன்ஸ் வோங் அப்பவே தன் காலத்துல மாறாதுன்னு சொல்லிட்டாரு. பந்தியில உக்கார வச்சாச்சு, இலை போடல. எனக்கு இதுல கோவம் இருக்கு, ஆனா இந்தக் கட்டுரைக்கு வேண்டியது கோவம் இல்ல, இங்க கோர்ட்ட நம்பி அஞ்சு வருஷம் காத்திருக்கறது வேலைக்காகாதுங்கிற தகவல்தான்.

புள்ள விஷயமும் அதே கதைதான். 2018 டிசம்பர்ல உயர்நீதிமன்றம், அமெரிக்காவுல வாடகைத்தாய் மூலமா பொறந்த தன் சொந்தப் பையன ஒரு கே அப்பா தத்தெடுக்கலாம்னு தீர்ப்பு குடுத்துச்சு, கொழந்தையோட நலன்தான் பெருசுன்னு. 2022ல புது தத்தெடுப்புச் சட்டம் வந்துச்சு, ஜோடியா தத்தெடுக்கணும்னா சிங்கப்பூர் ஏத்துக்கற கல்யாணம் இருக்கணும். எங்களுக்கு புள்ள ஆசை இல்ல, அதனால இந்த வரிசைய சீக்கிரமா தாண்டிட்டோம், ஆசை இருக்கறவங்களுக்கு மொத்த கணக்கே வேற.

சரி, காகிதம். சலிப்பான வேலை, அதனாலதான் யாரும் செய்யறதில்ல.

நான் நாளைக்கு எம்ஆர்டில விழுந்து செத்தா, உயில் இல்லன்னா, என் காசு பூரா எங்க அப்பா அம்மாவுக்கு சரிபாதியா போகும், அவனுக்கு ஒரு காசு கெடையாது. உயில் எழுதிட்டா கத தலைகீழ். இங்க முஸ்லிம் அல்லாதவங்க தன் சொத்த யாருக்கு வேணாலும் எழுதலாம், எதிர்த்து பங்கு கேக்குற உரிமை கணவன், மனைவி, புள்ளைங்களுக்குத்தான், அப்பா அம்மாவுக்குக்கூட இல்ல. ரெண்டு சாட்சி வேணும், சொத்து வாங்கப் போறவன் சாட்சி போடக்கூடாது, அவ்வளவுதான். எங்க தமிழ் முஸ்லிம் நண்பனுக்கு மட்டும் இது இப்படி வராது, வாரிசா இல்லாத ஆளுக்கு வசியத்ங்கிற இஸ்லாமிய உயில்ல மூணுல ஒரு பங்கு வரைக்கும்தான் எழுத முடியும், மிச்சம் ஃபராயிள்ங்கிற இஸ்லாமிய பங்கீட்டு முறைப்படி சொந்தக்காரங்களுக்கு, அவன் அதுக்கு தனியா வக்கீல பாத்துட்டிருக்கான்.

சிபிஎஃப், அதான் சம்பளத்துலருந்து புடிக்கற மத்திய சேமநிதி, உயில்ல வராது, இத எத்தன பேருக்கு சொல்லிருப்பேன். உயில்ல "என் சிபிஎஃப் அவனுக்கு"ன்னு தங்கத்துல எழுதினாலும் செல்லாது, தனியா நாமினேஷன் போடணும், அரசாங்கத்தோட ஆன்லைன் கணக்கு சிங்பாஸ்ல போயி ரெண்டு சாட்சியோட பத்து நிமிஷ வேலை. போடலன்னா அந்தக் காசும் பப்ளிக் டிரஸ்டி வழியா அப்பா அம்மாவுக்குத்தான். இன்சூரன்ஸ்ல ரெண்டு வகை நாமினேஷன் இருக்கு, டிரஸ்ட் வகைன்னா புருஷன் பொண்டாட்டி புள்ளைங்க மட்டும்தான், மாத்திக்கக்கூடிய வகைன்னா யார வேணாலும் போடலாம், நமக்கு ரெண்டாவதுதான்.

இதெல்லாம் செத்ததுக்கு அப்புறம். உயிரோட இருந்து மூளை வேலை செய்யலன்னா என்ன? போன வருஷம் அவனுக்கு டெங்கி வந்து வார்டுல போட்டாங்க, கவுண்டர்ல "நீங்க அவருக்கு என்ன வேணும்?"னு கேட்டாங்க, நான் "ஹவுஸ்மேட்"னு சொன்னேன், பதினோரு வருஷத்துக்கு அந்த ஒரு வார்த்ததான் வந்துச்சு. நல்ல வேளை அவன் முழிச்சிருந்தான், அவனே எல்லாத்துக்கும் கையெழுத்து போட்டான். முழிச்சிருக்கலன்னா ஈப்போலருந்து அவங்க அண்ணன் பஸ் புடிச்சு வரணும், அந்த அண்ணன் எங்கூட பேசி ஆறு வருஷம் ஆச்சு.

அதுக்குத்தான் எல்பிஏ. நமக்கு சுயபுத்தி போச்சுன்னா யாரு நம்ம சார்பா முடிவெடுக்கணும்னு இப்பவே எழுதி பதிஞ்சு வைக்கிற பத்திரம், உடம்பு பராமரிப்பு ஒண்ணு, சொத்து பணம் ஒண்ணு, ரெண்டுக்கும் ஒரே ஆளையும் போடலாம், வேற வேற ஆளையும் போடலாம். சொந்தமா இருக்கணும்னு கட்டாயம் இல்ல, 21 வயசு ஆகிருந்தா போதும். வக்கீலோ, அங்கீகாரம் வாங்கின டாக்டரோ, மனநல மருத்துவரோ சான்று குடுக்கணும். இது இல்லாம புத்தி தப்பிருச்சுன்னா கோர்ட்ல மனு போட்டு "டெப்யூட்டி" ஆகணும், அதுக்குள்ள என்ன வேணாலும் நடக்கும். ஒரு ஓட்டை இருக்கு: உயிர் காக்குற சிகிச்சைய தொடரவா நிறுத்தவாங்கறத எல்பிஏ ஆளு முடிவு பண்ண முடியாது, டாக்டர்தான் பண்ணுவாரு. அதனால முன்கூட்டியே பராமரிப்புத் திட்டம் ஒண்ணும் எழுதி, நமக்காக பேசற ஆளுன்னு அவன் பேரப் போட்டு வச்சுக்கணும்.

இப்ப வீடு. சிட்டிசன் பிஆர ஞாபகம் வச்சுக்க சொன்னேன்ல. ஆம்பள பொம்பள கல்யாணம் பண்ணியிருந்தா, ஒருத்தர் சிட்டிசனா இருந்தா போதும், மொத வீட்ட சேந்து வாங்குனா கூடுதல் முத்திரைத் தீர்வைலருந்து கழிவு உண்டு. எங்களுக்கு அது கெடையாது. ரெண்டு பேரு பேருலயும் ஒரு கொண்டோ, அதான் தனியார் அடுக்குமாடி வீடு, வாங்குனா பிஆருக்கான 5% முழு விலைக்கும் போடுவாங்க, 1.2 மில்லியன் வெள்ளி வீடுன்னா 60,000 வெள்ளி. அவன் பிஆரா இல்லாம வேலை பாஸ்ல இருந்திருந்தா 60%, அதாவது 720,000, அந்த நம்பர ஷீட்ல அடிச்சுட்டு நான் எழுந்து போயி மொகம் கழுவிட்டு வந்தேன். 99க்கு 1ன்னு பங்கு பிரிச்சு வரிய தப்பிக்கலாம்னு எவனாவது ஐடியா குடுத்தா காத பொத்திக்கோங்க, வரி ஆணையம் அந்த மாதிரி கேஸையெல்லாம் தோண்டி எடுத்து அபராதத்தோட வாங்கிட்டிருக்கு.

எச்டிபி, அதான் அரசாங்க அடுக்குமாடி வீடுன்னா? எனக்கு 35 தாண்டிருச்சு, தனியாள் திட்டத்துல ரீசேல் வீடு வாங்கலாம். 35 வயசான ரெண்டு சிட்டிசன்னா ஜாயிண்ட் சிங்கிள்ஸ்ல சேந்தே வாங்கலாம், நிறைய ஜோடிங்க சத்தமில்லாம அப்படித்தான் குடித்தனம் பண்றாங்க. அவன் பிஆருங்கறதால பேரு சேக்க முடியாது. வேணும்னா ரூம் வாடகைக்கு விட்டதா பதிஞ்சுக்கலாம், பதினோரு வருஷம் கழிச்சு காகிதத்துல அவன் எனக்கு வாடகைக்காரன்! நான் செத்தா வீட்ட அவன் வச்சுக்கவும் முடியாது, வித்து காசாதான் கைக்கு வரும். அதுவே கொண்டோவ என் ஒருத்தன் பேருல வாங்கி உயில்ல அவனுக்கு எழுதினா, உயில் வழியா வர்ற வீட்டுக்கு முத்திரைத் தீர்வை இல்ல, பிஆர் கொண்டோ வச்சுக்கலாம். அறுபதாயிரம் வெள்ளிக்கு பதிலா வக்கீல் பீஸ் மட்டும்தான். ஆனா உயில நான் எப்ப வேணா கிழிச்சுட்டு வேற எழுதலாம், பத்திரத்துல பேரு இருந்தா கிழிக்க முடியாது. அவன் மாசா மாசம் லோனுக்கு குடுக்குற காசுக்கு என் மனசு மட்டும்தான் ஜாமீன். இத நான் அவங்கிட்ட வாய்விட்டு சொன்னேன், அவன் "பரவால்ல லா"ன்னான், எனக்கு பரவால்லயா இல்ல, ஒரு ஒப்பந்தம் எழுதச் சொல்லிருக்கேன்.

காகிதத்தால ஆகாதது ஒண்ணு இருக்கு. மண்டாய் தகனக்கூடத்துல யாரு எனக்கு கொள்ளி வைக்கிறது. உயில்ல அவன நிர்வாகியா போட்டா உடம்ப வாங்குற உரிமை சட்டப்படி அவனுக்குத்தான், ஆனா குடும்பமே நிக்கறப்ப, அய்யரு "மகன் எங்க, பங்காளி எங்க"ன்னு கேக்கறப்ப, ஈப்போக்காரன் ஒருத்தன் உயில தூக்கிட்டு முன்னாடி வந்து நிப்பானா? இதுக்கு ஷீட்ல நான் வரிசையே போடல.

ரெண்டாவது, பாங்காக். தாய்லாந்து கதைதான் எனக்கு ரொம்பப் புடிச்சது, ஏன்னா அங்க 2021 நவம்பர்ல அரசியலமைப்பு நீதிமன்றம், கல்யாணம்னா ஆம்பள பொம்பளன்னு இருக்கற சட்டம் சரிதான்னு சொல்லிருச்சு, கோர்ட்ல தோல்வி. அப்புறம் 2024 ஜூன்ல செனட் 130க்கு 4 ஓட்டுல சட்டத்தையே மாத்துச்சு, 2025 ஜனவரி 23ல அமலுக்கு வந்துச்சு, தென்கிழக்கு ஆசியாவுல மொத நாடு. வெளிநாட்டுக்காரங்களும் பண்ணிக்கலாம், ஆனா ரெண்டு பேரும் நேர்ல போகணும், கல்யாணம் ஆகாதவங்கன்னு அவங்கவங்க தூதரகத்துக் காகிதம், அதுக்கு தாய் மொழிபெயர்ப்பு, அவங்க வெளியுறவு அமைச்சு முத்திரை, அப்புறம்தான் மாவட்ட அலுவலகம். அவனோட தூதரகத்த நெனச்சாத்தான் வயித்த கலக்குது, மலேசியாவுல 377ஏ இன்னும் உயிரோட இருக்கு, 20 வருஷம் வரைக்கும் ஜெயில்னு. டிக்கெட் போடறதுக்கு முன்னாடி அத மொதல்ல கேட்டுடணும்.

இவ்வளவு அலைஞ்சு வாங்குற சர்டிபிகேட்டுக்கு சாங்கி ஏர்போர்ட்ல எறங்குனதும் என்ன மதிப்பு? இங்க கல்யாணத்துக்கான சட்டம் பெண்கள் சாசனம், அதுல தெளிவா இருக்கு, ஆம்பளையும் பொம்பளையும் இல்லாத கல்யாணம் இங்க நடந்தாலும் வேற எங்க நடந்தாலும் செல்லாது. முத்திரைத் தீர்வை கழிவு இல்ல, துணைக்கான விசாவான டிபெண்டண்ட் பாஸ் இல்ல, நாளைக்கு சண்ட வந்து பிரியணும்னா இங்க குடும்ப நீதிமன்றத்துல டைவர்ஸும் இல்ல, ரெண்டு பேரும் திரும்பவும் தாய்லாந்து போயி மாவட்ட அலுவலகத்துல பேசி முடிக்கணும், ஒத்துப்போகலன்னா தாய்லாந்து கோர்ட். கல்யாணம் பண்றப்ப டைவர்ஸ பத்தி பேசறியேன்னு அவன் மொறச்சான், நான் அந்தக் கட்டத்துக்கு மஞ்ச கலர் அடிச்சேன்.

அப்ப அது வீண் காகிதமா? இங்க மட்டும்தான் வீண். மூணாவது வரிசைக்கு வாங்க.

ஹாங்காங்ல சட்டமன்றமும் கோர்ட்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்குறாங்க. 2018 ஜூலைல உயர் இறுதி நீதிமன்றம், வெளிநாட்டுல சட்டப்படி சேந்த ஒரே பாலின ஜோடிக்கு டிபெண்டண்ட் விசா குடுக்கணும்னுச்சு. 2019ல வருமான வரிய சேந்து கட்டலாம்னுச்சு. 2024 நவம்பர்ல வெளிநாட்டுல கல்யாணம் பண்ணவங்களுக்கு பொது வீடமைப்பு, வாரிசுரிமை ரெண்டையும் குடுத்துச்சு. நடுவுல 2023 செப்டம்பர்ல, இவங்க உறவ பதிவு பண்ண ஒரு ஏற்பாடு ரெண்டு வருஷத்துக்குள்ள செய்யணும்னு அரசாங்கத்துக்கு கெடு வச்சுச்சு, அரசாங்கமும் ஒரு மசோதா கொண்டு வந்துச்சு, 2025 செப்டம்பர் 10ல சட்டமன்றம் 71க்கு 14ன்னு தூக்கிப் போட்டுருச்சு. ஆனா ஏற்கனவே கோர்ட் ஒண்ணொண்ணா குடுத்ததெல்லாம் அப்படியே இருக்கு. நான் ஹாங்காங்ல வேலைக்குப் போனா, கையில தாய்லாந்து சர்டிபிகேட் இருந்தா, அவன் என் துணையா விசாவுல வரலாம். இங்க செல்லாத காகிதம் நாலு மணி நேர விமான தூரத்துல செல்லுது.

அப்ப ஏன் உடனே கெளம்பல? வாடகை. அப்புறம் எங்கம்மா, 68 வயசு, முட்டி வலி, ஈசூன்ல தனியா, அப்பா வேற ஒரு வீட்டுல. நான் ஒரே புள்ள. ஹாங்காங் போனா எனக்கு கெடைக்கிற உரிமைக்கு எங்கம்மா தனிமைய வெலையா குடுக்குற மாதிரி ஆயிரும். அதோட சட்டமன்றத்துல 71 பேரு வேணாம்னு கைதூக்குன ஊருல, நாளைக்கு கோர்ட்டு மனசு எப்படின்னு யாரு கண்டா.

சென்னைய பத்தி அத்தை பையன் பேசறப்ப கேக்க ஆசையாத்தான் இருக்கும். தீர்ப்புங்கள படிச்சா நம்ம ஊரு கோர்ட்டு மாதிரி பேசற கோர்ட்டு வேற எதுவும் இல்லன்னு தோணும். 2018 செப்டம்பர் 6ல உச்ச நீதிமன்றம், பெரியவங்க சம்மதத்தோட வச்சுக்கற உறவுக்கு அங்க இருந்த 377ஆம் பிரிவு பொருந்தாதுன்னுச்சு. சென்னை உயர்நீதிமன்றத்தோட மதுரைக் கிளை 2019ல திருநங்கையும் மணப்பெண்தான், இந்து திருமணச் சட்டத்துல பதியுங்கன்னுச்சு. 2021ல நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், எனக்கே இதப் பத்தி தெரியாது, கத்துக்கிட்டு தீர்ப்பு எழுதுறேன்னு மனநல ஆலோசகர்கிட்ட போயி உக்காந்து பேசிட்டு வந்து, ஆள மாத்துற சிகிச்சைன்னு சொல்லி பண்ற கொடுமைய தட பண்ணாரு. ஒரு நீதிபதி எனக்கு தெரியாதுன்னு சொல்றது எவ்வளவு பெரிய விஷயம். 2025 மே 22ல அதே சென்னை உயர்நீதிமன்றம், வீட்டுல அடச்சு வச்ச ஒரு பொண்ண மீட்டுத் தரச் சொல்லி அவ தோழி போட்ட வழக்குல, குடும்பம்னு ஆக கல்யாணம் மட்டும்தான் வழின்னு இல்ல, தேர்ந்தெடுத்த குடும்பமும் குடும்பம்தான்னு சொல்லுச்சு. எங்கம்மா தொலைக்காட்சில கேட்டிருந்தா "யாருப்பா இவரு"ன்னு கேட்டிருப்பாங்க.

ஆனா கல்யாணம்? 2023 அக்டோபர் 17ல உச்ச நீதிமன்ற அஞ்சு நீதிபதிங்களும் அது அடிப்படை உரிமை இல்ல, நாடாளுமன்றத்த கேளுங்கன்னுட்டாங்க, 2025 ஜனவரில மறுஆய்வும் போச்சு. 2024 ஆகஸ்ட்ல பேங்க்ல ஜாயிண்ட் அக்கவுண்ட் தொறக்க, நாமினி போட தடையில்லன்னு நிதி அமைச்சு விளக்கம் குடுத்துச்சு, அதுவரைக்கும் வந்திருக்கு. இன்பமான தீர்ப்பும், சிங்கப்பூர்ல இருக்கற அதே காகித வேலையும், கூட எங்க ரெண்டு பேருக்கும் விசா தலைவலியும். சென்னைய நாங்க பொங்கலுக்கு வச்சுக்கிட்டோம்.

கடைசில என்ன பண்ணோம்னா, வரிசைய தேர்ந்தெடுக்காம வரிசைக்கிரமத்த தேர்ந்தெடுத்தோம். மொதல்ல எல்பிஏ, ஏன்னா டெங்கி நோட்டீஸ் குடுத்துட்டு வர்றதில்ல. அதே வாரம் சிபிஎஃப் நாமினேஷன். அப்புறம் உயில். கொண்டோ என் பேருல மட்டும், அந்த ஒப்பந்தத்தோட. இதெல்லாம் முடிஞ்சப்புறம் பாங்காக், தூதரகக் காகிதம் கெடைச்சா. ஹாங்காங்க நான் அழிக்கல, சர்டிபிகேட் கையில இருந்தா அந்த வழி தொறந்தே இருக்கும், அம்மா விஷயம் மாறுற காலம் ஒண்ணு வரும், அத நெனைக்கவே புடிக்கல. காசும் நேரமும் கம்மியா இருக்கறவங்க பாங்காக்க மொதல்ல வைக்காதீங்கன்னு தயங்காம சொல்வேன். ரெண்டு பேரும் சிட்டிசன், வீடும் சேந்து வாங்கியாச்சு, உயிலும் ரெடின்னா, நாளைக்கே போங்க, எங்களுக்கும் சேத்து மாங்கோ ஸ்டிக்கி ரைஸ் சாப்பிடுங்க.

எல்பிஏல என் மொத ஆளா அவன், அவனால முடியாமப் போனா மாத்து ஆளா எங்கம்மா. மாத்து ஆளும் சிங்பாஸ்ல உள்ள போயி சம்மதம் சொல்லணும், எங்கம்மா பாஸ்வேர்ட மறந்து ரெண்டு வருஷம். ஞாயித்துக்கெழம ஈசூன் போனோம், நான் அடுப்படில டீ போட்டுட்டிருந்தேன், ஹால்ல அவன் போன புடிச்சுக்கிட்டு முகத்த ஸ்கேன் பண்ண வச்சுட்டிருந்தான். "கண்ணாடிய கழட்டுங்கம்மா, நேரா பாருங்க, சிரிக்காதீங்க." எங்கம்மா, "உன் பேரு மேல இருக்கு, என் பேரு கீழ இருக்கு, சரியா?"ன்னு கேட்டாங்க. "ஆமாம்மா." "சரி, எங்க அழுத்தணும்?"